அறுபத்தொரு காலிக் கட்டங்கள்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பியோடு நாள் தொடங்கியது. நாளும் அப்படியே போனது.

புதிய யூனிட்டுக்கு லூர்துசாமியைத் தலைவனாகப் போட்டுவிட்டார்கள். பத்தரை மணிக்கு மேலாளர் வைதேகி மேடம் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், இரண்டு தட்டு.

1998 ஜூனில் ஒரே நாளில் இருவரும் இந்த கம்பெனியில் சேர்ந்தோம். நான் கணிதத்தில் எம்.எஸ்சி., எம்.ஃபில். அவன் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. நேர்முகத் தேர்வுக்கு வெளியே காத்திருந்தபோது, "ஃபான்ட்னா என்னங்க?" என்று என்னிடம்தான் கேட்டான். நான் சொன்ன பதிலை அப்படியே உள்ளே போய் ஒப்பித்து வேலை வாங்கினான். இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பதிலை வைத்தே பிழைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் கோத்துத் தருகிறவர்கள். ஒரு புத்தகம் முழுவதும் எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். எழுத்து அதற்குள் இருக்கும், படம் இருக்காது. இந்தப் படம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விலாசம் மட்டும் இருக்கும். நிரல் அந்த விலாசத்துக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் ஒட்டி பிடிஎஃப் ஆக்கும். இதுவரை அவரவர் கணினியில் செய்துகொண்டிருந்தோம். இனி எல்லாம் ஒரே சர்வரில். அதற்குத்தான் யூனிட், அதற்குத்தான் தலைவன். பக்கம் கோக்கும் நிரலையே 2011இல் எழுதியவன் நான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மனைவி சுகந்தி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் முதல் கேள்வி: "லூர்து அண்ணனுக்கு வாழ்த்து சொன்னீங்களா?"

"சொன்னேன்."

சொல்லவில்லை. என்னைத் தவிர எல்லோரையும் இவள் அண்ணன் என்கிறாள் என்றால் பரவாயில்லை. இவனை மட்டும் கொஞ்சம் கூடுதல் இனிப்போடு சொல்கிறாள்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கை கொடுத்தேன். அவன் கை ஈரமாக இருந்தது.

7 ஆகஸ்ட், புதன்

யூனிட்டின் முதல் புத்தகம்: தோல் நோய்ப் படத் தொகுப்பு, இரண்டாம் பதிப்பு. 840 புகைப்படங்கள். மருத்துவ மாணவர்கள் படம் பார்த்து நோய் கண்டுபிடிக்கப் பழகுகிற புத்தகம். பத்தொன்பதாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். இதன் முதல் பதிப்பை 2013இல் செய்தவன் நான், தனி ஆளாக. இரண்டாம் பதிப்பு அவனுக்கு.

மத்தியானம் சர்வரிலிருந்து முதல் பிடிஎஃப் வந்தது. 214 இடங்களில் படத்தைக் காணோம். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். நடுவில் சிவப்பில் 'படம் இல்லை'.

பக்கம் சரிபார்க்கும் ஜெயக்கொடி, தன் இருக்கையிலிருந்தே கத்தினாள். "பம்புசெட் அண்ணே! தோல் நோயெல்லாம் ஒரே நாள்ல குணமாயிடுச்சு போல. ஒண்ணுமே தெரியலையே!"

லூர்துவும் சிரித்தான். அவனுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. 2016இல் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றில், 'பிறந்த முதல் மணி நேரம்' என்ற தலைப்பின் கீழே, தாயும் குழந்தையும் இருக்க வேண்டிய இடத்தில் கிணற்றடியில் ஒரு மூன்று ஹெச்.பி. பம்புசெட் அச்சாகிவிட்டது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் லூர்து. "நான் என் மெஷின்ல பார்த்தப்ப குழந்தைதான் இருந்துச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யார் நம்புவார்கள்? மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். மூன்று வருடம் அவனை மூலப்பிரதி அடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். பம்புசெட் லூர்து என்ற பெயரை வைத்தவன் நான்தான். என் சொல் ஒன்று இந்த அலுவலகத்தில் நிலைத்திருக்கிறது என்றால் அது ஒன்றுதான்.

8 ஆகஸ்ட், வியாழன்

214ஐ 61ஆகக் குறைத்துவிட்டான். சில கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிலவற்றில் சின்ன எழுத்து. நம் கணினிகள் அதைக் கண்டுகொள்ளாது, சர்வர் கண்டுகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டான். என்னைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம். கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவனிடம், "அந்தச் சாம்பல் கட்டம் எதுக்கு? அசிங்கமா இருக்கு" என்றேன்.

"இல்லேன்னா இல்லேன்னு தெரியணும்ல, தணி. அதுக்காக நானேதான் வெச்சேன்."

சொந்தத் தோல்விக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறவனை இன்றுதான் பார்த்தேன். அவன் மனைவி ஃபெலிசிட்டா கொடுத்தனுப்பியிருந்த வாழைப்பூ வடையில் ஒன்றை என் டப்பாவில் வைத்தான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

9 ஆகஸ்ட், வெள்ளி

இந்த நாளைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும்.

61 இன்னும் 61ஆகவே இருந்தது. பதினொரு மணிக்கு வைதேகி மேடம் என் இடத்துக்கே வந்தார். "தணிகாசலம் சார், உங்க மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன். முதல் பதிப்பு நீங்கதானே பண்ணீங்க."

ஓட்டினேன். பதினெட்டு நிமிடம். 840 படம். ஒரு காலிக் கட்டம் கிடையாது.

மேடம் இரண்டு முறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "எல்லாம் வந்திருக்கே!"

"வரும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இருபத்தாறு வருடமாக அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவைத்திருந்திருக்கிறேன் போல.

10 ஆகஸ்ட், சனி

அரை நாள் வேலை. லூர்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"எப்படிடா உன்னுதுல மட்டும் வருது?"

"கணக்கு படிச்சிருக்கணும்."

"வெளையாடாத தணி. அந்த அறுபத்தொண்ணும் பதிப்பகம் ரெண்டாவது தவணையா அனுப்புனது. தனி ஃபோல்டர்ல இருக்கு. என்னோடதுல எட்டவே மாட்டேங்குது. உன்னோடது எங்கேருந்து எடுக்குது? அந்தப் பாதையக் காட்டு."

"என் நிரல், என் மெஷின். எடுக்கத் தெரிஞ்சது எடுக்குது."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் திரையின் ஓரத்தில் தெரிந்ததைத்தான் பார்த்தேன். இருபத்தாறு வருடம் நான் சுமந்த முகம் அது.

வண்டிக்குப் பின்சக்கரம் பஞ்சர். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கனமாகத் தெரியவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

மேடம் அறையில் கூட்டம். என் பிடிஎஃப்பை அனுப்பலாமா கூடாதா என்று. லூர்து கூடாது என்றான்.

"எங்கேருந்து வருதுன்னு தெரியாத படத்தை அனுப்பக்கூடாது மேடம். ரெண்டு நாள் கொடுங்க."

"இதுக்குப் பேரு பொறாமை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேடம் பேனாவை மேசையில் தட்டினார். "காலி கட்டத்தோட அனுப்ப முடியாது லூர்து. தணிகாசலம் சாரோடது போகட்டும்."

வெளியே வந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார். "சார், யூனிட்டை உங்ககிட்டயே கொடுத்திருக்கணும்னு தோணுது. மேலே பேசுறேன். பத்தொம்பதாம் தேதி அச்சுக்குப் போனதும் கடிதம் வந்துடும்."

கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி முன்னால் சிரிப்பது அழகாக இல்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

பிடிஎஃப் போய்விட்டது. என்னைப் பாராட்டி மேடம் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான்கு முறை படித்தேன். அரை கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன்.

14 ஆகஸ்ட், புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

சாயங்காலம் மடிக்கணினியில் புத்தகத்தைத் திறந்து சுகந்தியிடம் காட்டினேன். அவள் அரசு மருத்துவமனையில் இருபது வருடமாகச் செவிலியர். அதில் ஆறு வருடம் தோல் பிரிவில். கணவனின் புத்தகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்றுதான் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இது படர்தாமரைங்க."

"எது?"

"இந்த முதுகு. ஓரமெல்லாம் செதிலா, வளையமா, நடுவுல தெளிஞ்சு. கீழ தொழுநோய்னு போட்டிருக்கு. இதைப் பார்த்துட்டு ஒரு பையன் டாக்டராயி வந்தான்னா, நெசத் தொழுநோய்க்காரன் வந்து நின்னா அடையாளம் தெரியாம, களிம்பு குடுத்து அனுப்பிடுவான். வெரலு போயிடும் மனுஷனுக்கு."

"ஆசிரியர் தப்பாக் கொடுத்திருப்பார்."

"இருக்கும்" என்றாள். அடுத்த பக்கத்துக்குப் போய், "இதுவும்" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

லூர்துவின் வேலைதான், சர்வரில் எதையோ மாற்றி வைத்திருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். அலுவலகத்துக்குத் திரும்பப் போனேன். காவலாளி, "என்ன சார், மறுபடியும்?" என்றான். என் கணினியைத் திறந்து பார்த்தேன்.

என் நிரலில் ஒரு வரி இருக்கிறது. படம் சொன்ன விலாசத்தில் இல்லையென்றால், என் கணினியில் உள்ள 'தணி படங்கள்' என்ற ஃபோல்டரில் போய், அதே பெயருள்ள புத்தகம் இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் முதலில் கிடைத்ததிலிருந்து, அதே எண்ணுள்ள படத்தை எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. பக்கத்தில் குறிப்பு: 'தற்காலிகம். த.ச., 2011.' அந்த வருடம் ஏதோ ஓர் அவசரத்தில் எழுதினேன். மறந்தே போனேன். அந்த ஃபோல்டரில் நான் செய்த எல்லாப் புத்தகங்களின் படங்களும் கிடக்கின்றன, நாற்பதாயிரத்துக்கு மேல். எங்கள் தொழிலில் எல்லாப் புத்தகத்திலும் படத்துக்கு ஒரே மாதிரிதான் பெயர்: அத்தியாய எண், பட எண். 07-12 என்றால் ஏழாம் அத்தியாயம், பன்னிரண்டாம் படம். எந்தப் புத்தகத்தின் 07-12 என்று பெயரில் இருக்காது.

அந்த அறுபத்தொன்றும் என் கணினிக்கும் எட்டவில்லை. எட்டாததும் முதல் பதிப்பின் பழைய படத்தை எடுத்து வைத்துவிட்டது. எல்லாமே தோல்தான். யாருக்கு வித்தியாசம் தெரியும்? நான் காலிக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 38 படங்கள் நோய் அளவில் சரி. 23 தவறு.

அந்த ஃபோல்டரில் வேறு சிலதும் கண்ணில் பட்டன. மூடிவிட்டேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

விடுமுறை. கொடியேற்றம் எங்கோ ஒலிபெருக்கியில் கேட்டது. காலை முழுக்க அலமாரியைத் துடைத்தேன். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று ஒரு முறை நினைத்தேன். பத்தொன்பதாம் தேதிக்கு நான்கு நாள்தான் என்று இன்னொரு முறை. சுகந்தி மடிக்கணினியை எடுத்தாள். அந்த முதுகுப் படத்தை மட்டும் திரையில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு நெல்லித்தோப்பில் லூர்துவின் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் திருவிழா. தெரு முழுக்க வண்ண விளக்குச் சரம். லூர்து பட்டு வேட்டியில் வாசலில் நின்றிருந்தான்.

"வாடா தணி! இத்தனை வருஷமாக் கூப்புட்டும் வராதவன்! ஃபெலி, இன்னொரு எலை போடு!"

"பேசணும்."

"மொதல்ல துன்னு. சண்டை போடுறதா இருந்தாலும் வயித்துல எதுனா இருக்கணும்."

பிரியாணி சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன். பிறகு மொட்டைமாடியில் சொன்னேன். வரி, ஃபோல்டர், இருபத்து மூன்று. முடித்ததும் சிரித்தான், வாய்விட்டு, வேட்டி அவிழ்கிற அளவுக்கு.

"சிரிக்கற?"

"டேய், ஆறு நாளா நான் தூங்கலடா! உன் மெஷின்ல மட்டும் வருதுன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சுது பாரு... மேடம் உன்னைப் புகழ்ந்து போட்ட மெயிலை முழுசாப் படிக்காமலே டெலிட் பண்ணேன். பொறாமைன்னு சொன்னியே, கரெக்டாத்தான் சொன்ன. அந்தக் கோவத்துலதான் உன் புத்தகத்தைத் திறந்துகூட பாக்கல. பாத்திருந்தா அன்னிக்கே புடிச்சிருப்பேன்."

என்மேல் பொறாமைப்பட ஒரு மனிதன் இந்த ஊரில் இருந்திருக்கிறான். ஆறு நாள். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

"மேடத்துகிட்ட யார் சொல்றது?" என்றான்.

அவன் முன்னாலேயே ஃபோன் செய்து நானே சொன்னேன். மேடம் எண்ணிக்கையை இரண்டு முறை கேட்டார். "அச்சகத்தை நிறுத்தச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஃபெலிசிட்டா, சுகந்திக்கு என்று ஒரு தூக்கு பிரியாணி கொடுத்தாள். அவனிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. தேர் வருகிற சத்தத்தில் சொல்ல முடியவில்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி

புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த நாள் என்று சுகந்திக்கு அரசு விடுமுறை. எனக்கும் லூர்துவுக்கும் இல்லை.

கோளாறு என்னவென்று பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். இதை மட்டும் பெருமையாக எழுத எனக்கு உரிமை உண்டு. 'இங்கிருந்து இரண்டு வீடு தள்ளி' என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் மாதிரி. எழுதியவன் வீட்டு வாசலில் நின்று எண்ணினால் சரியான வீடு கிடைக்கும். சர்வர் என்ன செய்கிறது? எக்ஸ்எம்எல்லை வேறொரு தற்காலிக இடத்துக்குத் தூக்கிப் போய் அங்கே நின்று எண்ணுகிறது. முதல் தவணைப் படங்களையும் கூடவே தூக்கிப் போவதால் அவை கிடைக்கின்றன. இரண்டாம் தவணை ஃபோல்டர் பழைய தெருவிலேயே நின்றுவிட்டது. என் கணினியிலும் நான் அந்த ஃபோல்டரை இறக்கி வைக்கவே இல்லை. மூல வீட்டு வாசலில் நின்றே எண்ணு என்று சர்வருக்கு ஒரு வரி சேர்த்தேன். என் 2011ஆம் வருட வரியை நீக்கினேன்.

840 படம். காலிக் கட்டம் இல்லை. இந்த முறை இருவரும் ஒவ்வொரு படத்தையும் கீழே உள்ள வரியையும் படித்துப் பார்த்தோம். ஜெயக்கொடியும் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு.

"தணி, சாம்பல் கட்டத்தை எடுத்துடவா? அசிங்கமா இருக்குன்னியே."

"இருக்கட்டும்" என்றேன்.

17 ஆகஸ்ட், சனி

காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற மறந்துவிட்டேன். பிறகு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றேன். "என்னங்க, ஷாக் அடிக்குதா?" என்றாள் சுகந்தி.

19 ஆகஸ்ட், திங்கள்

அச்சுக்குப் போய்விட்டது. கடிதம் வரவில்லை. யூனிட் அவனிடமே. மேடம் மின்னஞ்சலில் இருவர் பெயரும். அவன் பெயர் முதலில்.

'தணி படங்கள்' ஃபோல்டரை அழிக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒரே அடியில் அழித்திருக்கலாம். ஒன்றை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதை அழித்தேன். 2012இல் செய்த வேளாண் பொறியியல் புத்தகம். நான்காம் அத்தியாயம், இரண்டாம் படம். கிணறு, தென்னை, மூன்று ஹெச்.பி.

குழந்தை வளர்ப்புப் புத்தகத்தின் கடைசி பிடிஎஃப் என் கணினியில்தான் ஓடியது. அன்றைக்கு வேகமான கணினி என்னுடையதுதான் என்று பெருமையாக வாங்கிச் செய்தேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பதினொரு மணித் தேநீர். ஜெயக்கொடி வழக்கம்போல, "பம்புசெட் அண்ணே, பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாள்.

"அது என் பம்புசெட்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். 04-02, அதே வரி, அதே ஃபோல்டர். லூர்து பார்த்தபோது அவன் கணினியில் குழந்தைதான் இருந்தது, அவன் சொன்னது நிஜம் என்று சொன்னேன். என் குரல் வகுப்பெடுக்கிற மாதிரி இருந்தது. வேறு குரல் வரவில்லை.

லூர்து பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"அப்ப, வியாழக்கெழமை என் வீட்டுல பிரியாணி துன்னப்ப தெரியும்."

"தெரியும்."

"மறுசோறு வாங்குனப்ப?"

"தெரியும்."

எழுந்து போய்விட்டான். அவனோடு ஜெயக்கொடியும், இன்னும் இரண்டு பேரும். மூன்று வருடம் அந்த ஜன்னலில்லாத அறையில் அவன் மூலப்பிரதி அடுக்கினான். ஒரு முறைகூட நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்ததுண்டு; ஒரு முறை, அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள. திருப்தியோடு திரும்பினேன்.

2016க்கான விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேடம். கொடுத்தேன். ஒரே பக்கம். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

21 ஆகஸ்ட், புதன்

பேசவில்லை. என் டப்பாவில் வடையும் இல்லை.

சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பிரியாணித் தூக்கு இங்கதான் இருக்கு. கழுவி வெச்சிருக்கேன். காலியாக் குடுக்கக்கூடாது" என்றாள்.

22 ஆகஸ்ட், வியாழன்

தூக்கில் மைசூர்பாகு போட்டு எடுத்துப் போனேன். லூர்து இன்னும் வரவில்லை என்று நினைத்து அவன் மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அவன் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறான்.

என் கணினித் திரையின் நெற்றியில் ஒரு வண்ணப் பிரதி ஒட்டியிருந்தது. கிணறு, தென்னை, பம்புசெட். 2016இல் யாரோ கேலிக்கு அவன் மேசையில் ஒட்டியது. எட்டு வருடம் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். மூலைகள் மஞ்சளாகி, பழைய ஒட்டுநாடாவின் மேல் புதிய ஒட்டுநாடா. கீழே அவன் கையெழுத்தில், இது எந்தக் கணினி, எந்த ஃபோல்டர், எந்த எண் என்று முழு விலாசம்.

பதினொரு மணிக்கு ஜெயக்கொடி என்னைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "பம்புசெட் சார், சர்க்கரை போடவா?" என்றாள். எல்லோரும் லூர்துவைப் பார்த்தார்கள். அவன் மைசூர்பாகை மென்றுகொண்டு, "ரெண்டு ஸ்பூனாப் போடு. அவனுக்கு எதுவும் பத்தாது" என்றான்.

படத்தைக் கிழிக்கவில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று இருபத்தாறு வருடமாக இந்தக் குறிப்பேடுகளில் எழுதிவருகிறேன். திருப்பிப் பார்த்தேன். நியாயமாக எனக்கு வர வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.